கழிவு

மஸ்கெலியா, இரவு ஒன்பதரை.
கரண்ட் இருக்கிறது, அதனால் வேலையும் இருக்கிறது.
கொழும்பிலிருந்து வந்த பாடநூல் அட்டவணை:
இடப்பக்கம் பழைய கிரேக்க நிறைகள்,
வலப்பக்கம் வெறுமை. அதில் நான் கிராம் நிரப்ப வேண்டும்.
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்.
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் கட்டாயம்
என்று சிவப்பில் எழுதியிருக்கிறார்கள்.

ஓபோல், பூச்சியம் தசம் ஏழு இரண்டு.
ஆறு ஓபோல் ஒரு திராக்மா,
நான்கு தசம் மூன்று ஒன்று.
நூறு திராக்மா ஒரு மினா.
அறுபது மினா ஒரு தாலந்து:
இருபத்தைந்து கிலோ, எண்ணூற்று அறுபது கிராம்.

தாலந்து எனக்குத் தெரிந்த சொல்தான்.
ஞாயிறு பிரசங்கத்தில் வரும்,
மண்ணில் புதைத்து வைக்கக் கூடாத ஏதோ ஒன்று.
அது இத்தனை பாரம் என்று போதகர் சொன்னதில்லை.
போன சித்திரையில் அன்னமேரி
ஒரு தாலந்துக்கும் மேலே தலைக்கயிற்றில் தொங்கவிட்டு
ஏழாம் நம்பர் மலையிலிருந்து இறங்கினாள்.
முப்பத்தொன்று. நான்தான் நிறுத்தேன்.
இருபத்தொன்பது என்று எழுதியதும் நான்தான்.

பகலில் எனக்கு அதுதான் உத்தியோகம்,
கொழுந்து மடுவத்தில் தராசு.
சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழிவு.
வெயில் காய்ந்தாலும் இரண்டு,
சாக்கு கிழிந்து பாதியானாலும் இரண்டு.
புள்ளிக்குப் பின்னால் வருவதற்கு
செக்ரோலில் கட்டமே கிடையாது.
பதினெட்டு வந்தால் பேர்.
பதினேழு தசம் ஒன்பது, பதினேழு.
பதினேழு வந்தால் அரைப்பேர்.
ஒரு முழுப் பொம்பளை, முழு மழை,
அட்டை கடித்த இரண்டு முழுக் கால்,
அரைப்பேர்.

திராக்மா என்றால் கைப்பிடி என்று
அடிக்குறிப்பில் போட்டிருக்கிறது.
ஆறு கம்பிகளை ஒரு கை பற்றிய அளவாம்.
பாவம், அவர்கள் கை சின்னது.
அன்னமேரியின் ஒரு பிடிக் கொழுந்தை நிறுத்தால்
எட்டு ஒன்பது திராக்மா வரும்.

ஏதென்ஸின் மினா வேறு, ஏகினாத் தீவின் மினா வேறாம்.
பெயர் ஒன்று, பாரம் இரண்டு.
எங்கள் மடுவத்துக் கிலோவும்
டவுனில் பருப்பு வாங்கும் கிலோவும் மாதிரி.
எடை பார்க்கவென்றே அங்கே
சீட்டுக் குலுக்கி அதிகாரிகளை வைத்தார்களாம்.
வைத்து என்ன,
தோண்டியெடுத்த ஈயக் கட்டிகள்
ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லையாம்.
அப்படியிருந்தும் இரண்டு இலக்கம் கேட்கிறார்கள்,
செத்து இரண்டாயிரம் வருஷம் தாண்டிய
யாரோ ஓர் அத்திப்பழ வியாபாரிக்கு.

கல்குலேட்டர் கையில்தானே இருக்கிறது.
இரண்டு கிலோவை நான்கு தசம் மூன்று ஒன்றால் வகுத்தேன்.
நானூற்று அறுபத்து நான்கு கைப்பிடி.
ஒருத்திக்கு. ஒரு நாளைக்கு.
எங்கள் டிவிஷனில் எண்பத்து மூன்று பேர்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமினார்கள்,
ரேடியோ தங்கம் பவுன் விலை சொன்னது,
நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்:
ஆறு தாலந்து,
இருபத்தைந்து மினா,
பதினைந்து திராக்மா,
அரை ஓபோல்.
அரை ஓபோல்வரைக்கும் வந்தது கணக்கு.
இவ்வளவு சுத்தமாக
நான் எதையும் நிறுத்ததில்லை.

காலையில் அட்டவணையை அனுப்பிவிட்டு மடுவத்துக்குப் போனேன்.
அன்னமேரி சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
இருபது தசம் ஏழு.
பதினெட்டு என்று எழுதினேன்.
பேனா அங்கேயே நின்றது.
பின்னால் வரிசை சத்தம் போட்டது.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பொடியாக ஒரு புள்ளி, ஒரு ஏழு.
அதற்குள் அவள்
காலிச் சாக்கை உதறிக்கொண்டு
மலையேறிவிட்டாள்.

மத்தியானம் புத்தகம் பார்க்க வந்த பீல்ட் ஒபிசர்
விரலை வைத்துக் கேட்டார், இது என்ன?
கிரேக்கம், சேர், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.
அங்கே தவக்கனியின்
தசம் நான்கு இருந்தது.