பதினேழாம் கேள்வி

நூறு விடைத்தாள்களை
மேலிருந்து கீழாக அடுக்கியாயிற்று.
மேல் இருபத்தேழு ஒரு கட்டு,
கீழ் இருபத்தேழு ஒரு கட்டு.
நடுவில் கிடக்கும் நாற்பத்தாறு பேரை
இந்தக் கணக்கு கேட்பதில்லை.

ஆசாரிப்பள்ளத்தில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.
எக்செல் மறக்கவில்லை:
பதினேழாம் கேள்வி, சிவப்பில்.

கடினம், முப்பத்தொன்பது சதவீதம். நல்ல கேள்விதான்.
பிரித்தறியும் திறன்,
மைனஸ் பூஜ்யம் புள்ளி மூன்று மூன்று.
மேல் கட்டில் ஆறு பேர் சரி.
கீழ்க் கட்டில் பதினைந்து.

திருக்கை முள் குத்திய கைக்கு முதலில் என்ன?
இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது,
பொறுக்கும் சூட்டில் வெந்நீர், விஷமுறி ஊசி.
மேல் கட்டில் பதினான்கு பேர் ஊசியைக் கறுப்பாக்கியிருந்தார்கள்,
பாம்புக்கடிப் பாடத்தை அவ்வளவு அழகாகப் படித்தவர்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை.
ஆனிச் சாரலில், கேஷுவாலிட்டியில், இரவு இரண்டு மணிக்கு
முட்டத்திலிருந்து ஆட்டோவில் ஒருவர்.
மடியில் வாளி, வாளிக்குள் கை,
பிளாஸ்கைக் கவிழ்த்துப் பிடித்தபடி மனைவி.
"ஆறிப்போச்சு டாக்டரே, கொஞ்சம் வெந்நி கிட்டுமா?"
பிறகுதான் புத்தகத்தில் தேடினேன்.
பொடி எழுத்தில் இரண்டு வரி.

பதினைந்து பேரும் கடற்கரைப் பிள்ளைகள்
என்று சொல்ல ஆசைதான். இல்லை.
குருட்டாம்போக்கிலேயே ஏழு பேருக்கு விழும்.
மூன்று பேர் ஒரே பெஞ்சு, ஒரே தவறுகள்.
ஒருத்தி மார்த்தாண்டம், வீட்டில் தேன்பெட்டி.
ஆனாலும் குறும்பனை, கொட்டில்பாடு, இனயம்.

"மைனஸ்னா தூக்கிருங்க" என்றார் துறைத்தலைவர் ஐடா பெர்லின்,
போனில், மீன் உரசும் சத்தத்தோடு.

தூக்கினால் அறுபது ஐம்பத்தொன்பதாகும்.
எண்பத்து மூன்றாம் எண், சூசைநாயகம் ஜெரிக்ஸ்,
முப்பதில் தொற்றிக்கொண்டு நிற்கிறான்.
இருபத்தொன்பது என்றால் ஃபெயில்.
அவனைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும்:
போன மாதம் குழந்தைக்கென்று அவன் கணக்கிட்ட பாராசிட்டமால்
ஒரு குதிரைக்குப் போதும்.

யாரை யாரிடமிருந்து பிரிக்க
இந்தக் கேள்வியை எழுதினேன்?

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்.
'மறுபரிசீலனை' என்று எழுதி, அடித்து,
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
கேள்வி இருக்கட்டும். பாடம்தான் நடத்தவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்கு
ஒரு பிளாஸ்க் வேண்டும்.