நாண்

இப்போது எனக்கு வேலை
ஒரு காலைக் குளிரவைப்பது.
இடது முன்னங்கால், முட்டிக்குக் கீழே, பின்பக்கம்.
உள்ளங்கையை வைத்தால்
அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிக் கொப்பரை.

சாயல்குடி சாலைப் பந்தயத்தில்
கொடியைச் சுற்றித் திரும்பும்போதே
ஜவ்வாது ஒருமுறை தலையை வெட்டினாள்.
எனக்குத் தெரிந்தது.
முன்னால் இரண்டு வண்டி,
பின்னால் முப்பது பைக்கின் ஹாரன்.
தெரிந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாம் பரிசு: மூடியில்லாத ஒரு சில்வர் அண்டா.

வாலிநோக்கத்துக்கு ஓட்டி வந்து கட்டினேன்.
விடியும்போது கால்
வில்லாகப் புடைத்திருந்தது.

நரம்பு பிசகிருச்சு, சூடு போடு என்று
கம்பியோடு வந்துவிட்டான் முத்திருளன்.
விளக்கெண்ணெய் காய்ச்சி அழுத்தி உருவு என்றது ஒரு வாய்.
வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றது இன்னொன்று.
அது என் மைத்துனன் வாய்.

கடலாடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்த டாக்டர் ரெஹானா
மணலில் குந்தி
இருட்டில் ஸ்விட்ச் தேடுகிறவர்போல
மேலிருந்து கீழே விரலை இறக்கினார்.
ஓரிடத்தில் ஜவ்வாது காலைப் பிடுங்கிக்கொண்டாள்.
"நரம்பு இல்ல, தசைநாண்.
உள்ளே இழை இழையா அறுந்திருக்கு.
தேய்க்காதீங்க. சுடாதீங்க.
இருபது நிமிஷம் ஐஸ். எடுத்துடுங்க.
ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடியும்."

தடைக்காலம்.
ஐஸ் கம்பெனி வாசலில் நாய் படுத்திருக்கிறது.
சர்பத் கடை சீனி முகம்மது அரைப் பாளம் கொடுத்தான்,
நோன்புக்கு வைத்த துண்டை உடைப்பதுபோல் மனமில்லாமல்.
மெர்சியக்கா வீட்டு ஃப்ரீசரில்
நெத்திலிக்குப் பக்கத்தில்
தண்ணீர் நிரப்பி முடிந்த என் பால் கவர்கள்.

கல்லுப்பு ஒரு கை போட்டால்
இன்னும் குளிருமே என்றேன், உப்பளத்துப் புத்தி.
தோல் வெந்துபோகும் என்றார் டாக்டர்.
என் குதிகால் வெடிப்பைப் பார்த்துவிட்டு
உங்களுக்குத் தெரியாததா என்றார்.

அந்த அண்டாவில்தான் ஐஸ்.
காலில் நனைத்த சாக்கு, சாக்கின்மேல் ஐஸ், அதன்மேல் என் கை.
பிறகு கட்டு, கீழிருந்து மேலே,
ஒரு விரல் நுழைய இடம் விட்டு.
வலது காலுக்கும் கட்டச் சொன்னார்.
நோகாத கால் என்று நினைத்திருந்தேன்,
இரண்டு காலின் பாரத்தை
அதுதான் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

நாண் என்றால் வில்லில் பூட்டுகிற கயிறு.
வெட்கத்துக்கும் அதுவேதான் சொல்.
பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி;
அன்றைக்கு ஒன்றை எழுதி ஒன்றை விட்டேன்.
இரவு பதினொன்றரைக்கு
மரத்துப்போன கையோடு உட்கார்ந்திருக்கையில்
விட்டது ஞாபகம் வருகிறது.
வில் என்றால் வேறு கயிறு மாற்றலாம்.

பாளம் கிடைக்காத நாளில் கடல்.
பகல் கடல் உதவாது, வடித்த கஞ்சியின் சூடு.
நாலு மணிக்கு, கச்சான் எழும்புமுன்
பிடித்துக்கொண்டு இறங்குவேன்.
அவளுக்கு முட்டியளவு, எனக்குத் தொடையளவு.
நண்டுக்குஞ்சு என் விரலைச் சோதித்துப் பார்க்கும்.
நாங்கள் எங்கேயும் போவதில்லை.
ஓடுவதற்கென்று வாங்கிய குதிரையோடு
நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்,
அதுவும் தண்ணீரில்.

வண்டி பூட்ட ஒரு வருஷம் ஆகலாம்.
ஓடுவாளா என்று கேட்டேன்.
ஹெல்மெட்டை மாட்டியபடி டாக்டர்
"நடப்பா" என்றார்.

இன்று பதினோராம் நாள்.
நுனியை மட்டும் ஊன்றியவள்
கரை ஏறும்போது முழுக் குளம்பையும் வைத்தாள்.
தடத்தில் தண்ணீர் ஊறியது. மிதிக்காமல் சுற்றி வந்தேன்.

கட்டுத்தறியில் சாக்கைச் சுற்றும்போது
அவள் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன்:
கொடி திரும்பும்போதே எனக்குத் தெரியும்.
காதை ஒருமுறை பின்னால் மடித்தாள்.
ஈயாகவும் இருக்கலாம்.

இருபது நிமிஷம் ஆகிவிட்டது.
சாக்கை எடுக்க வேண்டும்.