நான்காம் பிரிவு

தம்புச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
லிப்ட் பழுது என்று எழுதிய அட்டை
ஒரு மூலையில் கிழிந்து தொங்குகிறது.
எல்லாரும் போயாயிற்று.
"கெடு தப்பினால் ஆர்டர் கெட்டது, பிரிசில்லா"
என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார் பத்ருதீன் சார்.

பொங்கலன்று காட்டுப்பள்ளியில் கப்பல்.
அங்கிருந்து முப்பத்தைந்து நாள்
பின்னோக்கி எண்ணினால் இன்று.
விரலில் எண்ணினேன், காலண்டரில் எண்ணினேன்,
எக்செல் மட்டும் முப்பத்தாறு என்றது,
திருத்தினேன்.
அவர்கள் ஊர் நள்ளிரவுக்குள் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும்.
நமக்கு அது விடியற்காலை மூன்றரை.

சரக்கு: நாற்பது டிரம்.
கப்பலின் அடிவயிற்றில் பூசுவதற்கு.
ஒட்ட வருவது செத்துப்போகும்.
படிவத்தில் அதன் இனம்: உயிர்க்கொல்லி.
எந்த உயிர் என்று கேட்கிறது அடுத்த கட்டம்.
காசிமேட்டில் விசைப்படகைச் சாய்த்துப்போட்டு
உளியால் சுரண்டுவார்களே, கொட்டலசு,
அதைத் தமிழிலேயே அடித்துப் பார்த்தேன்.
ஐந்து வெற்றுச் சதுரங்கள் வந்தன.
அழித்துவிட்டு லத்தீன் பெயரைத் தேடினேன்.

பதினொன்று நாற்பதுக்கு மணலி குடோனிலிருந்து போன்.
"மேடம், எட்டியப்பன்.
இருவத்தேழாம் டிரம்மு வாய்கிட்ட கசியுது.
நிமுத்தப் போனேன், கையில பட்டுருச்சு.
எரியுது.
இது இன்னா மேடம்?"

நாலு வருஷமாக உருட்டுகிறார்.

என்னிடம் பதினாறு பிரிவுகள் இருந்தன.
கொதிநிலை இருந்தது, மீனுக்கு எவ்வளவு நஞ்சென்று இருந்தது,
எங்களுக்கு வக்கீல் வைத்து எழுதிய
பொறுப்புத் துறப்பு இருந்தது.
நான்காம் பிரிவு, முதலுதவி.
ஆங்கிலத்தைக் கண்ணால் தின்று
தமிழாக வாயால் துப்பினேன்:
சட்டையைக் கழற்றுங்க.
ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம்
கையைக் காட்டுங்க.

"ஓடுற தண்ணி ஏது மேடம்.
லாரி வெள்ளிக்கிழமதான்."

கேன் இருக்கா?

"மூணு கீது. குடிக்கிறது."

ஊத்துங்க.

குபுக் குபுக் என்று கேட்டது.
சுவர்க் கடிகாரத்தில் முள்ளைப் பார்த்து
நான் இங்கே நிமிஷம் சொன்னேன்.
ஆறாவது நிமிஷத்தில் முதல் கேன் தீர்ந்தது.
ஒன்பதில், "போதும் மேடம், காலைல பசங்க வந்தா குடிக்க வேணும்" என்றார்.
ஊத்துங்கண்ணே என்று கத்தினேன்.
அதுவரை அவரை நான் அண்ணன் என்றதில்லை.

ஆட்டோ பிடிச்சு ஸ்டான்லிக்குப் போங்க.
டிரம்முல இருக்கிற ஸ்டிக்கரை உரிச்சு
டாக்டர்கிட்ட குடுங்க.
ஸ்டிக்கரில் ஆறு மொழி.
நான்தான் ப்ரூஃப் பார்த்தேன்.
தமிழ் இல்லை என்பது
அப்போது பிழையாகத் தெரியவில்லை.

பிறகு எடையைத் திருத்தினேன்.
நாற்பது, முப்பத்தொன்பதாயிற்று.
மூன்று பன்னிரண்டுக்கு அனுப்பினேன்.
மூன்று பதின்மூன்றுக்கே நன்றி வந்தது:
அபாயம் குறித்து முன்கூட்டியே தெரிவித்தமைக்கு.

பீச் ஸ்டேஷன் பக்கம் முதல் ரயிலின் ஹாரன் கேட்கும்வரை
நான்காம் பிரிவைத் தமிழில் அடித்தேன்.
கெடு இல்லாத வேலை, கை தடுமாறியது.
சளிச்சவ்வு என்று எழுதி,
எட்டியப்பனை நினைத்து அடித்துவிட்டு,
கண், மூக்கு, வாய்க்குள் என்று எழுதினேன்.
மங்கலாக ஒரு பக்கம் வந்ததும்
பிரிண்டரில் மை தீர்ந்தது.

ஐந்தே காலுக்கு வாட்ஸப்பில் ஒரு படம்.
முழங்கை வரை வெள்ளைத் துணி,
பின்னால் ஸ்டான்லியின் பச்சைச் சுவர்.
கீழே இடது கையால் அடித்த எழுத்து:
ஒரு டிரம்மு கொறையுதே மேடம்
சம்பளத்துல புடிப்பாங்களா

அவர் திரையில் என் பெயருக்குக் கீழே
'டைப் செய்கிறார்' என்று
வெகுநேரம் ஓடியிருக்கும்.