வெறும் வயிற்றில்

நாலே முக்காலுக்கு ஆன்டாப் ஹில்லில் தண்ணீர் வரும்.
குழாய் முதலில் இருமும்,
பிறகு காற்று, பிறகு துரு.
இருமலுக்கும் துருவுக்கும் நடுவில்
மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன்.
இனி ஒரு மணி நேரம்
டீ இல்லை, பிஸ்கட் இல்லை,
யாரோடும் பேச்சு இல்லை.
கடைசியாகச் சொன்னது டாக்டர் எழுதியதல்ல,
நானே சேர்த்துக்கொண்டது.

எழுபத்தைந்து மைக்ரோகிராம்.
அது எவ்வளவு என்று கேட்டதற்கு
டாக்டர் கர்காநிஸ்
தன் சாப்பாட்டு டப்பாவோரம் சிந்தியிருந்த உப்பில்
ஒரு துகளை விரல்நுனியில் ஒற்றிக் காட்டினார்.
ஏறக்குறைய இவ்வளவு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நினைக்கிறேன்,
அலாரம் வைத்து.

போன மே மாதம் எனக்குக் குளிர்ந்தது.
மும்பையில், மே மாதத்தில்.
வடாலா ரோடு டிக்கெட் கவுண்டரில்
மற்றவர்கள் ஃபேனுக்குச் சண்டைபோட
நான் துப்பட்டாவைக் காதோடு சுற்றியிருந்தேன்.
சிம்லாவுக்கு ஒன்று போடட்டுமா என்றார் பக்கத்து மோஹிதே.
வீட்டில் ஆசீர்வாதம் வேறு சொன்னார்:
உட்கார்ந்தே வேலை, ஊதிப்போயிட்ட.
சீப்பில் முடி, ஜலதாரையில் முடி,
ஒருதடவை குழம்பிலும்.
மாடிப்படிகள் கூடிவிட்டன என்று நினைத்து
எண்ணிப் பார்த்தேன்.
அதே இருபத்தெட்டு.

டி.எஸ்.ஹெச் பதினொன்று புள்ளி நாலு.
இந்த எண் ஏறினால்
அந்தச் சுரப்பி தூங்குகிறது என்று அர்த்தமாம்.
மேலிடம் கத்தக் கத்த
கீழே ஒருவரும் எழுந்திருக்கவில்லை.
பதினேழு வருஷம் ரயில்வேயில் இருப்பவளுக்கு
இதைப் படம் போட்டு விளக்கினார் பாவம்.

இருபத்தைந்து. ஐம்பது. எழுபத்தைந்து.
எண் நகரவில்லை.
நூறு என்றார்.
அதே வாரம் மருந்துக்கடைப் பையன்
டீயோடயா விழுங்குறீங்க, கால்சியமும் சேர்த்தா
என்று தலையில் அடித்துக்கொண்டான்.
டீயை நிறுத்தினேன், நூறையும் தொடர்ந்தேன்.
நெஞ்சு விரார் ஃபாஸ்ட் ஆனது,
எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை.
சில்லறை எண்ணும் கை நடுங்கி
அந்த மாதம் கணக்கில் விழுந்த இருநூற்றுப் பத்து ரூபாய்
என் கையை விட்டுப் போனது.

மறுபடி எழுபத்தைந்து.
எண் இறங்கிற்று, சோர்வு இறங்கவில்லை.
அப்போதுதான் கேட்டார்,
அதுவரை யாரும் கேட்காததை:
மாதாமாதம் எத்தனை நாள் போகிறது?
ஒன்பது என்றேன், எல்லோருக்கும் அப்படித்தான் போல.
பேனாவை மூடி வைத்தார்.

ஃபெரிட்டின் ஏழு.
வைட்டமின் டியும் ஒன்பது.
இத்தனை வெயில் கொட்டும் ஊரில்.
ஆனால் வெயில்
கவுண்டர் ஓட்டை வழியாக என் மணிக்கட்டுவரைதான் வருகிறது,
டிக்கெட் வாங்காமல் போய்விடுகிறது.

இப்போது இரும்பும் தைராய்டும்
ஒரே தண்டவாளத்தில் வருவதில்லை.
நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி.
பத்தரைக்கு எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்பு,
ராத்திரி கால்சியம்,
ஞாயிறு பூசை முடிந்து வைட்டமின் டி.

எட்டு மாதம்.
டி.எஸ்.ஹெச் இரண்டு புள்ளி மூன்று.
ஃபெரிட்டின் முப்பத்தொன்று, இன்னும் வேண்டுமாம்.
நார்மல்னு போட்டிருக்கே என்று
ஆசீர்வாதம் காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.
நெற்றியோரம் அரை அங்குல முடிகள்
எண்ணெய்க்குப் படியாமல் நிற்பதை
நான் யாருக்கும் காட்டவில்லை.

நேற்று ஒருத்தி.
கண்ணுக்குக் கீழே அதே வீக்கம், காதோடு சுற்றிய ஸ்கார்ஃப்.
மீதி வாங்கும்போது விரல் பட்டது,
ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டது போல.
குளிருதா என்றேன் மராத்தியில்.
அவள் ஓட்டைக்கு அருகே குனிந்து
வாஷி ரிட்டர்ன் என்றாள் மறுபடியும்,
கொஞ்சம் சத்தமாக.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
டிக்கெட்டின் பின்பக்கம்
மூன்று எழுத்து எழுதி நீட்டினேன்.
பார்க்காமலே பர்ஸில் வைத்துக்கொண்டு
ஓடினாள், ஓட முடியாமல்.

மணி பத்தரை.
எலுமிச்சை பாதி காய்ந்திருந்தது.