ஒன்பதாம் எண்

இந்த அழைப்பு தரம் கருதிப் பதிவு செய்யப்படுகிறது.
என் பெயர் மார்லா. ஒமாஹாவிலிருந்து பேசுகிறேன்.
உங்களுக்கு இன்று எப்படி உதவட்டும்?

அவர் பெயர் ஆர்லன் குசெரா.
லூப் நதிக்கரையில், புதன்கிழமைதோறும்
மாடு ஏலம் விடுகிறவர்.
முப்பத்தோரு வருடம்
மாடுகளின் வாயைப் பிளந்து
பல் பார்த்து வயது சொன்னவர்.
இப்போது அவருடைய வாயை
என் திரையில் பிளந்து வைத்திருக்கிறேன்:
முப்பத்திரண்டு கட்டங்கள்,
ஒன்பதாவதில் ஒரு பெருக்கல் குறி.

"மேல் வரிசை, நட்ட நடுவில்" என்கிறார்.
தெரிகிறது ஐயா.
"பிடுங்கியது அக்டோபரில்."
காப்பீடு எடுத்தது நவம்பரில் ஐயா.
"ஆமாம், அதனாலென்ன?"
அதனால்தான் ஐயா.

எழுதிக் கொடுத்த வரியை வாசிக்கிறேன்:
காப்பீடு தொடங்கும் முன்பே இல்லாதிருந்த பல்லை
நிரப்பும் செலவு இதில் அடங்காது.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
பின்னால் ஒரு கன்று கத்துகிறது.
"அம்மணி, பல் இருந்திருந்தால்
நான் ஏன் உங்களைக் கூப்பிடுகிறேன்?"

இதற்கு என்னிடம் எழுதிய வரி இல்லை.

கன்னம் வீங்கியபோது
உடல்நலக் காப்பீடு ஓடி வந்ததாம்.
மாத்திரைக்குப் பணம், இரவுக் கட்டிலுக்குப் பணம்.
வீக்கம் உடம்பில் சேர்த்தி.
வீங்கவைத்த பல்?
அது வேறு கம்பெனி, வேறு அட்டை,
ஆண்டுக்கு ஆயிரத்தைந்நூறு டாலர்.
அதற்கு மேல் வாய் திறந்தால்
வாய் அவரவர் பாடு.

ஈறுக்குள் எந்த இடத்தில்
உடம்பு முடிந்து பல் ஆரம்பிக்கிறது என்று
ஆர்லன் கேட்கிறார்.
எல்லைக்கல் நட்டவர்களை எனக்குத் தெரியாது.
நான் இரண்டாம் மாடியில்
ஜன்னலில்லாத வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பல் போனால் சொல் போச்சு.
அவர் விஷயத்தில் கணக்கும் போச்சு.
சிக்ஸ்டி என்றால் சீழ்க்கை,
செவன்டி என்றால் சீழ்க்கை,
அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில்
காற்று புகுந்து விலையைத் தூக்கிப் போகிறது.
போன புதன்
பின்வரிசைப் பையன்கள் பதிலுக்குச் சீழ்க்கை அடித்தார்களாம்.
நல்ல கிடேரி ஒன்று அடிமாட்டு விலைக்குப் போனதாம்.
இவரும் சிரித்தாராம்,
வாயை மூடிக்கொண்டு.

"புதுப் பல் ஊன்ற
நாலாயிரத்து முந்நூறு கேட்கிறார்கள்.
நீங்கள் எவ்வளவுக்குக் கேட்கிறீர்கள்?"
எனக்குப் புரியவில்லை.
அதற்குள் தொடங்கிவிட்டார்.

நாலாயிரத்து முந்நூறு முந்நூறு யாரிடம் முந்நூறு
நாலாயிரம் தர்றவங்க தர்றவங்க நாலாயிரம்
கையைத் தூக்குங்க கண்ணடிங்க தொப்பியைத் தொடுங்க
முன்பக்க மனை ஒரே மனை காலி மனை
காற்றோட்டத்துக்குக் குறைவில்லை மூவாயிரம்
மூவாயிரம் உண்டா ரெண்டாயிரம் உண்டா
ரெண்டு ரெண்டு ரெண்டு

மூச்சுவிடவில்லை மனிதர்.
இடையிடையே அந்தச் சின்னச் சீறல் மட்டும்
என் காதுக்கருவியில் வந்து உரசியது.

நான் ஊமைப் பொத்தானை அழுத்தினேன்.
அழுத்திவிட்டு,
ஆயிரத்தைந்நூறு, என்றேன்.

எனக்கும் ஒன்று இருக்கிறது.
கீழ்வரிசை, வலப்பக்கம், முப்பதாம் எண்.
பாதி போய்விட்டது.
இரண்டு வருடமாக
இடப்பக்கமே மெல்லுகிறேன், எதையும், ஐஸ்கிரீமைக்கூட.
அதே அட்டைதான். அதே ஆயிரத்தைந்நூறுதான்.
ஊழியர் என்பதால்
மாதத் தவணையில் பதினொரு டாலர் தள்ளுபடி.

"ஒரு தரம்" என்றார்.
"ரெண்டு தரம்."
மூன்றாவதைச் சொல்லவில்லை.
கன்றும் அதற்குள் அடங்கியிருந்தது.

பொத்தானை விடுவித்தேன்.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா ஐயா?
கேட்டே ஆக வேண்டும்.
"இல்லை, நீங்கள் தன்மையாகத்தான் பேசினீர்கள்" என்றார்.

சாயங்காலம் மதிப்பெண் வந்தது.
கனிவு: பத்துக்குப் பத்து.
நேரம்: பத்துக்கு மூன்று.
ஓரமாக ஒரு குறிப்பு:
நாற்பது நொடி மௌனம், காரணம் கூறவும்.

கட்டத்தில் தட்டினேன்:
நான் கேட்டேன், அவருக்குக் கேட்கவில்லை.
பிறகு அதை அழித்துவிட்டு
தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டேன்.