மஞ்சள் வால்

அறிவிப்பு பதினொரு பக்கம்.
நான் இரண்டு முறை அடிக்கோடிட்டது ஒரே ஒரு வரி:
விமானி வானொலியில் பேச வேண்டாம்.
கேட்டால் போதும்.

புதுக்கோட்டை கோர்ட்டில் இருபத்திரண்டு வருடமாகப்
பேசியே பிழைக்கிறவன் நான்.
வாய்தா கேட்கவே கால் மணி நேரம் ஆகும்.

திருமயம் கோட்டைக்கு மேல் ஆயிரத்து ஐந்நூறு அடி.
தொண்ணூறு நாட். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
அங்கிருந்து தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே.
முன்னால் ஒரு சிவப்பு இரட்டை இறக்கை,
அதற்கு முன்னால் ஏதோ வெள்ளை,
அதற்கும் முன்னால் வெயிலில் ஒரு கொசு.
பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்க வழியில்லை.
கல்யாணப் பந்தியில் நாம் ரசத்தில் இருக்கும்போதே
நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே,
அப்படி யாரோ நிற்கிறார்கள்.

செட்டிநாடு ஸ்டேஷன் அருகே ஒரு லாரி.
லாரி மேல் குடை, குடைக்கடியில் தொலைநோக்கி,
அதற்குப் பின்னால்
காலையிலிருந்து பேசிக் கம்மிப்போன ஒரு பெண்குரல்:
"சிவப்பு, இறக்கையை ஆட்டு. நல்லது.
மஞ்சள் வால், இறக்கையை ஆட்டு."

என் பெயர் ஆவுடையப்பன், பி.ஏ., பி.எல்.
விமானம் சேலம் கிளப்பில் வாடகைக்கு எடுத்தது,
வாலின் நிறத்துக்கு நான் பொறுப்பில்லை.
இதையெல்லாம் சொல்ல எழுந்த நாக்கு
பல்லில் இடித்து உட்கார்ந்தது.
பூம்பூம் மாடு போல
இடம் ஒரு தரம், வலம் ஒரு தரம் சாய்ந்தேன்.
"நல்லது."
எந்த நீதிபதியும் இத்தனை சீக்கிரம் என்னை ஒப்புக்கொண்டதில்லை.

கண்மாய்க் கரையில் வலப்பக்கம்.
யுத்த காலத்து ஓடுபாதை, நேற்றடித்த பெயிண்ட்.
ஆரஞ்சுப் புள்ளி எனக்கு.
இருநூறு அடி. நூறு.
சிவப்பு இன்னும் பாதையிலேயே நின்றது,
வீட்டைப் பூட்டினோமா என்று யோசிப்பவர் மாதிரி.

"மஞ்சள் வால், மேலே போ. மேலே போ."
இரண்டாவது 'போ'வில் குரல் உடைந்தது.
முழு விசை. மூக்கு உயர்ந்தது.
வயிறு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

கானாடுகாத்தான் சாய்ந்து என் ஜன்னலுக்குள் வந்தது.
ஓட்டுக்கூரைக்கு நடுவே சதுரம் சதுரமாய் முற்றம்,
ஒன்றில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
மொட்டைமாடியில் குடையும் கூட்டமும்.
ஒரு பையன் இரண்டு கையையும் விரித்துச் சாய்த்தான்.
எனக்கு உத்தரவிட அவனுக்கு அதிகாரம் இல்லை.
ஆட்டினேன்.

"மஞ்சள் வால், நான் கேட்கவில்லையே?"

இருபத்திரண்டு வருடத்தில்
பதில் இருந்தும் சொல்லாமல் விட்ட
முதல் குறுக்கு விசாரணை.

புள்ளியைத் தாண்டி எட்டடியில் சக்கரம் தொட்டது.
"புல்லுக்கு ஒதுங்கு, ஒதுங்கு, பின்னால் நான்கு பேர்."

டீக்கடைப் பந்தலுக்கு
மன்னிப்பு ஒன்றும் விளக்கம் இரண்டுமாகப் போனேன்.
எனக்கு முன்னால் ஒரு பெண்,
தலைமுடியில் ஹெட்செட் அழுத்திய பள்ளம்.
டீக்காரரிடம் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.
விரல் நுனிகளைச் சேர்த்து
சர்க்கரை இவ்வளவுதான் என்று காட்டினாள்.

அவள்தானா, தெரியாது.
லாரியில் மூன்று பேர் மாறி மாறி இருந்தார்களாம்.

திரும்பினாள்.
கையில் டம்ளரோடு
தோளை இடம் ஒரு தரம், வலம் ஒரு தரம் சாய்த்தேன்.
பாதி டீ சட்டையில்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
என்னைத் தாண்டி, புல்லில் நிற்கும் வரிசையில்
எந்த வால் என்று தேடினாள்.