கேக்குமா

பல்லடத்து லேப்பில் கொடுத்த தாளில்
மருந்துகளின் பேர் வரிசையாக இருந்தது.
பக்கத்தில் ஆர். ஆர். ஆர். ஆர்.
கடைசிக்கு முந்தின வரியில் ஒரே ஒரு எஸ்.
"ஆர் போட்டதெல்லாம் உங்க வீட்டுக்காரருக்குக் கேக்காதுங்க்கா"
என்றது தாளைக் கொடுத்த பிள்ளை.
கேக்காது.
சொன்ன பேச்சுக் கேக்காத மாடு மாதிரி
ஒண்ணுக்குப் போற வழியில் ஒரு கிருமி.

அதில் ஒரு பேர் சிப்ரோ.
எங்கேயோ புழங்கின பேராச்சே என்று யோசித்து யோசித்து
பஸ் காரணம்பேட்டை வரும்போது பிடிபட்டது.
எங்கள் செட்டு அட்டையில்
கம்பெனி சூப்பர்வைசர் திவாகரன் எழுதுவானே, என்ரோ.
லேப்புக்கே போன் போட்டுக் கேட்டேன்.
"பங்காளிதானுங்க்கா, ஒரே வம்சம்."
கோழியிலிருந்துதான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

எங்களுக்கு ரெண்டு செட்டு.
குஞ்சு கம்பெனியுது, தீவனம் கம்பெனியுது,
மருந்தும் கம்பெனியுது.
மஞ்சியும் கரண்டு பில்லும் நாத்தமும் எங்களுது.
நானாக எதையும் தண்ணியில் கலக்கக்கூடாது.
கலந்தேன்.
கிழக்குச் செட்டுக்கு மட்டும்.

பூண்டு, மஞ்சள், சீரகம்,
வரப்பில் பிடுங்கின கீழாநெல்லி.
விடியக்காலம் நாலு மணிக்கு கிரைண்டரில் ஓட்டி
அவருடைய பழைய வேட்டியில் வடிகட்டி
தொட்டியில் ஊற்றினேன்.
அரை மணியில் நிப்பிள் எல்லாம் அடைத்துக்கொண்டது.
ஐயாயிரம் குஞ்சும் அண்ணாந்து கொத்திப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தன.
ஊக்கை எடுத்துக் குனிந்தபடியே
வரிசை வரிசையாகக் குத்தித் திறந்தேன்.
இடுப்பு விட்டுப்போனது.
மறுநாள் வேட்டியை நாலாக மடித்தேன்.

இருபத்திரண்டாம் நாள்
பக்கத்துத் தோட்டம் மயில்சாமி செட்டில் சளி.
திவாகரன் என் ரெண்டு செட்டுக்கும் சேர்த்தே என்ரோ எழுதினான்.
மேற்கில் ஊற்றினேன்.
கிழக்குக்கு வந்த பாட்டில்
மூடி திறக்காமல் ஃபிரிட்ஜுக்கு மேலே நின்றது.
கட்டிலில் கிடந்தவர் ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு
"கொழுப்பா உனக்கு?
கோழி போச்சுன்னா யாரு கட்றது?" என்றார்.
நியாயம்தான்.

அன்றைக்கு ராத்திரி திவாகரன் வண்டி வந்து நின்றது.
யாரும் சொல்லியிருக்க வேண்டாம்.
பூண்டு வாசம் ரோடு வரைக்கும் போயிருக்கும்.
திட்டுவான் என்று நின்றேன்.
"லைட்ட அமத்துங்க" என்றான்.

சளி பிடித்த கோழியைக் கண்டுபிடிக்க
இருட்டில்தான் நிற்கவேண்டும்.
வெளிச்சத்தில் எல்லாக் கோழியும் நல்ல கோழிதான்.
மஞ்சி மேல் கொஞ்ச நேரம் சலசலப்பு.
பிறகு, சினிமாக் கொட்டகையில்
படம் போடுவதற்கு முன்னே அடங்குவார்களே, அப்படி.
ஐயாயிரம் மூச்சு.
நாங்கள் ரெண்டு பேரும் காதைக் கொடுத்து நின்றோம்.
"கேக்குதுங்களா?"
"கேக்கல."
சித்த நேரம் கழித்து
வடக்கு மூலையில் ஒன்று, கர்ர் என்று.
"அதா."
இன்னொன்று.
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதை
கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எடை போட்டபோது
மேற்கைவிடக் கிழக்கில் பதினாறு சாவு கூட.
கோழிக்கு நாற்பது கிராம் குறைச்சல்.
நாலாயிரத்துச் சொச்சம் கழித்துத்தான் கணக்கு முடித்தார்கள்.
அந்த எஸ் போட்ட ஊசி ஒன்று என்ன விலை
என்று எனக்குத் தெரியும்.
அதைக் கழிக்க எந்தத் தாளிலும் கட்டமில்லை.

கையெழுத்து வாங்கிக்கொண்டு
வண்டியைக் கிளப்பின திவாகரன்
காலை ஊன்றி நின்றான்.
"அந்த வேட்டிய எத்தன மடிப்பு மடிச்சீங்க?"
"நாலுங்க."
தலையை ஆட்டினான். எதற்கு என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை குஞ்சு வருகிறது.
ஊக்கைச் சேலையிலேயே குத்தி வைத்திருக்கிறேன்.